ஆறு மணி வரை வெளியிட வேண்டாம்

"யா அல்லாஹ்...!"

ஹம்னாவின் அலறலில் சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட் 'மரகதம்' உணவகமே அதிர்ந்தது.

மணி மூன்றரை.

குளிரறைத் தரையில் தலைமைச் சமையல்காரர் சின்னராசு மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. உயிர் இல்லை!

செங்காங்வாசியான ஹம்னா, சாப்பாட்டு ப்ளாக் எழுதுபவள். புது மெனு அறிமுகத்துக்கு வந்திருந்தாள். நேற்று சின்னராசு அவளுக்குப் போன் செய்திருந்தார்.

'கெட்டுப்போன மட்டனை மசாலா போட்டு மறைக்கச் சொல்றாங்கம்மா... நாளைக்கு வாங்க, குளிரறையில காட்டுறேன்.'

காட்ட அவர் இல்லை.

போலீஸ் வந்தது. விசாரித்தது.

"வழுக்கி விழுந்துட்டார் சார்..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் ஸ்ரீராம். மரகதத்தின் பி.ஆர். ஆள்; பத்திரிகை, ப்ளாக் விளம்பரமெல்லாம் அவன் பொறுப்பு. பங்குதாரரும் அவன்தான்.

மாலை ஆறாக ஐந்து நிமிடம். சமையலறையின் பின்வாசலில் ஹம்னாவை மடக்கினான் அவன்.

"ஹம்னா, உள்ள எடுத்த போட்டோவெல்லாம் டெலீட் பண்ணிடுங்க. ப்ளாக்ல ஒரு வரி வரக் கூடாது."

"ஏன்?"

"என் கிட்ட ஒரு ஏர்லைன்ஸ் க்ளையன்ட் இருக்கு. அடுத்த மாசம் சாங்கிலேர்ந்து பாரிஸ்... பிசினஸ் க்ளாஸ்! உங்க பேரைப் போட்டுடறேன்."

"எனக்கு ஃப்ளைட்னாலே பயம் லா."

அவன் முகம் மாறியது.

"ஓசி பிரியாணிக்கு வர்ற கூட்டம்தானே நீங்கல்லாம்! சிங்கப்பூர்ல ஒரு பி.ஆர். கம்பெனியும் இனி உன்னைக் கூப்பிடாது. லாயர் நோட்டீஸும் வரும். தாங்குவியா?"

ஹம்னாவுக்குக் கோபம்தான் வந்தது.

"பிரியாணி போட்டா வாயை மூடணுமா? தின்ன வாய்தான் சார் பேசும்! ஒரு மனுஷன் செத்துக் கிடக்கார். எழுதத்தான் செய்வேன்!"

"எழுதுறதுக்கு உன் கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"நீங்க அனுப்பின மெயில்."

ஸ்ரீராம் சிரித்தான்.

"எந்த மெயில்? பி.ஆர். மெயிலை எந்த ப்ளாகர் படிக்கிறான்?"

"நானும் படிக்கிறதில்லை. இன்னைக்கு உங்க நம்பரைத் தேடி திறந்தேன்."

போனை நீட்டிப் படித்தாள்.

"'குளிரறையில் வழுக்கி விழுந்து மறைந்த எங்கள் சின்னராசுவுக்கு ஆழ்ந்த அனுதாபம். மாலை ஆறு மணி வரை வெளியிட வேண்டாம்.' வந்த நேரம் மதியம் ரெண்டு மணி! நான் பாடியைப் பார்த்தது மூணரைக்கு. உங்களுக்கு ரெண்டு மணிக்கே எப்படித் தெரிஞ்சுது சார்?"

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை மெயிலால் கெட்டது.

"மதியம் ஒரு மணிக்குள்ள எவனாவது பாடியைப் பார்த்துடுவான்னு நெனச்சேன்..." ஸ்ரீராம் பல்லைக் கடித்தான். "நியூஸ் நம்ம வாயிலேர்ந்துதான் முதல்ல வரணும். அதான் ரெண்டு மணிக்கு மெயில் தானா போற மாதிரி முன்னாடியே டைம் செட் பண்ணி வெச்சேன். எந்த முட்டாளும் உள்ள போகலை! நிறுத்த மறந்துட்டேன்!"

பாய்ந்து அவள் போனைப் பறித்தான். பாத்திரம் கழுவும் தொட்டியில் வீசினான்.

ப்ளக்!

"போச்சு உன் ஆதாரம்!"

"என்னோடது போச்சு..." ஹம்னா ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. "அவசரத்துல முகவரிகளை மறைக்காம அனுப்பிட்டீங்க. நாப்பது ப்ளாகரும் வரிசையா தெரியுறாங்க. எல்லாருக்கும் 'அந்த மெயில் வந்த நேரத்தைப் பாருங்க'ன்னு நாலு மணிக்கே எழுதிட்டேன். இப்ப மணி என்ன?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆறு!

அவன் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. அடங்கியது. மறுபடியும் கிணுகிணுத்தது. பிறகு அடங்கவே இல்லை.

நாற்பது ப்ளாகுகள்... நாற்பது பதிவுகள்... எல்லாவற்றிலும் அவன் அனுப்பிய மெயில்!

அவன் ஓடத் திரும்பினான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் இன்ஸ்பெக்டர் ஜலாலுதீன்.

"எனக்கும் நாலு மணிக்கே காட்டிட்டாங்க. மீதியை நீங்களே இப்ப சத்தமா சொல்லிட்டீங்க. நடங்க."

கையில் விலங்கு விழுந்தது. ஸ்ரீராம் ஹம்னாவை முறைத்தான்.

"ஏன் முறைக்கிறீங்க சார்? ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் போடலை. நாப்பது ப்ளாகருங்க ஒரு பி.ஆர். பேச்சைக் கேட்டது சரித்திரத்துலயே இதுதான் முதல் தடவை லா!"