கிடாக் கயிறு

கயிறு ஒரு சாண் குறைந்திருந்தது.

ஏலத்தோட்டத்தில் களையெடுத்துவிட்டு ஜீப்பிலிருந்து இறங்கிய மாயக்காள் நேரே ஆட்டுக்கொட்டகைக்குப் போனாள். குரங்கணிச் சரிவில் மழை விட்டு, மூட்டம் கூரைவரை இறங்கியிருந்தது. ஈரச்சாக்கும் புழுக்கையும் ஊறிய பிண்ணாக்கும் சேர்ந்து நாறின. கிடா படுத்து அசைபோடுகிற நேரம் அது. ஆனால் நின்றபடி தின்றுகொண்டிருந்தது. முளையில் சுற்றிவைத்திருந்த மீதிக் கயிற்றின் நுனி பிய்ந்து, எச்சிலாய் ஈரமாய்த் தொங்கியது.

கயிற்றையுமா தின்கிறது? பயம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருபது வருசம் புகை குடித்த புருசன் தவசிக்காக அவள் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. அவன் மூச்சு நிற்கக் கூடாது என்பதுதான் வேண்டுதல். போடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மூச்சு சீரானது. ஒட்டிய கன்னமும் பூரித்து முகம் வட்டமாகிவிட்டது. மனுசனுக்குச் சதை போடுகிற மாத்திரை கிடாவுக்குப் போடாதா என்று, தினம் இரண்டைப் பிண்ணாக்கில் நசுக்கிப் போட்டாள்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் கற்பகம் வந்தாள்.

"என்னக்கா, கிடா வளத்தீங்களா, யானை வளத்தீங்களா?"

மாயக்காள் மாத்திரை அட்டையை நீட்டியதும் டாக்டரின் சிரிப்பு நின்றது.

"உடம்புல கொழுப்பு சேந்தா, அதுவே மூளைக்கு 'போதும்'னு சொல்லி அனுப்பும். லெப்டின்னு ஒரு சுரப்பு. இந்த மாத்திரையும் ஒரு ஹார்மோன்தான். இதைக் குடுக்கக் குடுக்கக் கொழுப்பு 'போதும், போதும்'னு கத்தும். மூளைக்குக் காது கேக்காது."

"நல்லா திங்கிதேன்னுல்ல இருந்தேன், டாக்டரம்மா."

"இது யாருக்கு வாங்குனது?"

"எங்க வீட்டுக்காரருக்கு. பத்து நாளைக்குத்தான் எழுதுனாக. நல்லா இருக்காரேன்னு ஆறு மாசமா நாந்தான் வாங்கித் தாறேன்."

டாக்டர் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள். "நாளைக்கே போடிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரைய நீங்களா சட்டுனு நிறுத்திராதீங்க." கிளம்பும்முன் கிடாவின் வாயைத் திறந்து பார்த்தாள். "கயிறு திங்கிதுன்னீங்களே. பல்லுல ஒரு நாரு இல்லையே."

விடிவதற்குள் கிடா வயிறு உப்பிச் செத்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்த்து முளையிலேயே சுற்றிவிட்டு, தோட்டத்து ஓரத்தில் தனியாகக் குழி வெட்டிப் புதைத்தாள். மண்சரிவால் அன்று ஜீப்பும் வரவில்லை. போடிக்கு நாளைக்குப் போகலாம்.

மதியம் தவசிக்குச் சோறு போட்டாள். சாப்பிடுகிறவர் போதும் என்று கைகாட்டும்வரை அகப்பையைக் கீழே வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"போதுமாய்யா?"

அவன் நிமிரவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி. அகப்பை பானையடியைச் சுரண்டியது. வட்ட முகத்தில் தாடை மட்டும் அசைந்தது.

"போதுமா?"

"கொண்டா புள்ள."

பக்கத்து வீட்டில் அரிசி கேட்டு வாங்கி வந்தாள். அதுவும் தீர்ந்தது. அடுப்படியிலேயே சாய்ந்தவள் அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள்.

ஒரு சத்தம் அவளை எழுப்பியது. சரக், சரக். நிதானமாக, அரைப்பதுபோல. வாசலுக்கு வெளியே வெள்ளையாய் மூட்டம். தின்னும் சத்தம் கொட்டகையிலிருந்துதான். கிடா தின்கிறது என்று இத்தனை நாள் அவள் கேட்ட அதே சத்தம்.

கிடா மண்ணுக்குள் இருந்தது. மண்ணைத் தள்ளிய வலி இன்னும் அவள் தோளில் இருந்தது.

எச்சில் தட்டு காலி. தவசி இல்லை.

அவள் நடந்தாள். ஈரச்சாக்கு நாற்றம். முளை. முளையில் கயிறு இல்லை.

தீவனத் தொட்டியடியில் அவன் கைகளை ஊன்றிக் குனிந்திருந்தான். கன்னம் பளபளத்தது. உதட்டிலிருந்து நார்க் கயிறு தரைவரை தொங்கியது. தாடை அசைய அசைய, தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது.

"போதும்யா," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மென்றபடியே, இன்னும் கொண்டா என்பதுபோல, ஒரு கையை அவள் பக்கம் நீட்டினான்.