கோழிக்கூட்டை மூடச் சொன்ன குரல்

மார்வா டிட்மர் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு நேரே சமையலறைக்கே வந்துவிட்டாள். ஆர்வில் ஹாஸ்ட் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே பள்ளிப் பேருந்து ஓட்டும் ரீனா காப்பியோடு உட்கார்ந்திருந்தாள்; அவள் பிள்ளையும் பள்ளி பேண்டில்தான் இருந்தது. வரித்துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஆர்வில். ஊரில் எந்த முடிச்சு விழுந்தாலும் அவரிடம்தான் வரும். அவிழ்ப்பதைப் பார்க்க ரீனா அழைக்காமலே கூட வருவாள்.

"கடையை மூடச் சொல்றாங்க. நான் மூட மாட்டேன்," என்றாள் மார்வா.

பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்கான பெற்றோர் மன்றத்தின் தலைவி அவள். ஆட்ட நாள்களில் மைதானத்துக் கம்பிவலைக் கடையில் ஹாட் டாக் விற்றுத்தான் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். முந்தின நாள் ஓர் ஆள் வரித்துறை அதிகாரி என்று சொல்லிப் போனில் பேசியிருக்கிறான். கடையில் நிற்கும் பெற்றோரின் உழைப்பை அவரவர் பிள்ளையின் பயணச் செலவில் கழிக்கிறீர்கள், தரும மன்றம் அதைச் செய்யக் கூடாது, உங்கள் வரிவிலக்கு ரத்து, கோழிக்கூட்டை மூடுங்கள் என்று கடையைச் சொன்னானாம். போனை வைப்பதற்கு முன், சாயங்கால ஷிப்டுக்குப் போகும் அப்பன் கடையில் எங்கே வந்து நிற்பான் என்று ஒரு கேள்வியும் கேட்டானாம். காலையில் பார்த்தால், ஃபுட்பால் பெற்றோர் மன்றத்தின் கர்ட் லோமன் கடைச் சாவியைக் கேட்டுத் தலைமையாசிரியர் முன் நிற்கிறான்.

"கர்ட்தான். வேற யாரு?"

ரீனாவுக்கும் அதே சந்தேகம். ஆர்விலை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கர்ட்டிடம் போனாள். கடை தனக்கு வேண்டும் என்பதை அவன் மறைக்கவில்லை. உங்கள் மன்றத்தில் உழைப்பை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று மட்டும் ஆர்வில் கேட்டார்.

"உழைச்சவன் பிள்ளைக்குத்தான் பலன். எங்க மன்றத்துல அப்படித்தான். அந்தக் கடை கிடைச்சாலும் அப்படித்தான் செய்வோம். அதுல என்ன தப்பு?"

ஆர்வில் தொப்பியை எடுத்துக்கொண்டார். ரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பிற்பகல் பேண்டு அறையில் பெற்றோரைக் கூட்டினார்கள். கர்ட்டும் வந்து கதவோரம் நின்றான்.

"வரித்துறை எடுத்த எடுப்பில போன் பண்ணி விலக்கை ரத்து பண்ணாது. அதனால பேசினவன் அதிகாரி இல்ல," என்று ஆர்வில் தொடங்கினார். "கர்ட்டும் இல்ல. சேதி காதுல விழுந்ததும் சாவி கேட்டு ஓடி வந்தார், அவ்வளவுதான். அவர் மன்றத்துலயும் இதே விதிதான். அது தப்புன்னு தெரிஞ்சா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாரா? அப்புறம் ஒரு சொல். கர்ட் கடைன்னுதான் சொல்றார். அதைக் கோழிக்கூடுன்னு சொல்றது அந்தக் கம்பி வலைக்குப் பின்னால வேர்த்து ஊத்தின பேண்டு குடும்பங்கதான். கடைசியா அந்தக் கேள்வி. அதிகாரி எவனும் அதைக் கேக்க மாட்டான். ஷிப்டுக்குப் போற அப்பன்தான் கேப்பான்."

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைச் சட்டையோடு டுவைட் கெசிங்கர் எழுந்தான்.

"நான்தான் பேசினேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். இந்த விதியை மாத்துங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் கேட்டேன், சிரிச்சீங்க. என் பொண்ணு உதடு வீங்க டிராம்போன் ஊதுறா. அப்பன் கடையில நிக்கலைன்னு அவளை விட்டுட்டுப் போவீங்களா?"

ஆளைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி ரீனாவிடம் ஒரு நொடிகூட நிலைக்கவில்லை.

"அதிகாரி வேஷம் போட்டது குற்றம், டுவைட். அதுக்கு நீ பதில் சொல்லித்தான் ஆகணும்," என்றார் ஆர்வில். "ஆனா விதியைப் பத்திச் சொன்னது பொய்யில்ல. மார்வா, உங்க விலக்கு இன்னும் போகல. இந்த விதி இருந்தா போயிடும். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவா உழைச்சாத்தான் அது தருமம்."

மார்வாவின் கழுத்து சிவந்தது. டுவைட்டை முறைத்தாள். அவனும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எல்லாப் பிள்ளைகளும் போகும். இல்லேன்னா ஒண்ணுகூடப் போகாது. சம்மதம்னா கை தூக்குங்க," என்றாள் மார்வா.

உழைக்காதவன் பிள்ளைக்கு ஓசிப் பயணமா என்று கர்ட் முணுமுணுத்தான். இது பேண்டு அறை, இங்கே உனக்கு ஓட்டு இல்லை என்று அவள் திரும்பாமலே சொன்னாள். ரீனாவின் கை முதலில் உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவர்களுடையது.

"நாளைக்குக் கடை திறக்கும்," என்றாள் மார்வா. "டுவைட், நீ வர வேணாம். உனக்கு ஷிப்டு இருக்கு. பொண்ணைப் பெட்டி கட்டச் சொல்லு."

டுவைட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து வேலைக்குப் போனான்.