தூசி படாத கூலர்

காலை 11.20. செங்கல் சூளை முற்றத்தில் குட்டி டிராக்டர் செத்துக் கிடந்தது. வாங்கி மூன்றே மாதம். நேற்று மாலை பாரத்தோடு நின்றதுதான், பெடலை எவ்வளவு மிதித்தாலும் நகரவில்லை. வடித்த எண்ணெய் கரியாய்க் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது.

"நல்ல ஆயிலை வித்துட்டு கழிவு ஆயிலை ஊத்தியிருக்கான். திருடன்," என்று முதலாளி வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் டிரைவரைக் காட்டிக் கத்தினார். "சாயங்காலத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கிறேன்."

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரிக்காமல் ஒருவன் தலையில் பழியைக் கட்டுவது அவளுக்கு ஆகவே ஆகாது.

"ஆயிலை வித்தான்னு யார் சொன்னா?"

"நான்தான்," என்றான் முதலாளியின் மச்சான். தன் பெயர் எழுதிய தகரப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். வண்டி முகப்பில் மாட்டியிருந்ததாம். செத்த வண்டியில் தன் பெயர் எதற்கென்று காலையில்தான் கழற்றினானாம்.

"இந்த வண்டியைப் பாத்து வாங்கினது?"

"அதுவும் நான்தான். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாத்த வேண்டாம். குழந்தைகூட ஓட்டும்."

"கியர் வண்டி எடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றான் டிரைவர். "இதுல எண்ணெய்தான் சக்கரத்தையே தள்ளுது. இந்த வெயில்ல, நாள் பூரா செங்கல் பாரத்துக்கு அது தாங்குமா?"

"எண்ணெய் கூலரை எப்ப சுத்தம் பண்ணே?" என்று அக்கா டிரைவரைக் கேட்டாள்.

"திங்கக்கிழமை. காத்தடிச்சு ஊதினேன்."

இன்று வெள்ளி.

11.40. அக்கா முகப்பு வலையைக் கழற்றினாள். ரேடியேட்டர் ஓரமெல்லாம் செந்தூசி அப்பியிருந்தது. நடுவே, எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

மச்சான் முந்திக்கொண்டான். "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டதும் துடைச்சிருக்கான்."

"துடைக்கிறவன் இதை மட்டும் துடைச்சிட்டு பக்கத்துல விடுவானா?" அக்காவின் குரல் ஏறியது. "காத்து போற இடத்துலதான் தம்பி தூசி அடையும். இங்க தூசி இல்லன்னா காத்தே போகல. கொடு அதை."

பலகையைப் பிடுங்கிக் கூலர் மேல் வைத்தாள். ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது.

"எண்ணெயைக் கொதிக்க வச்சது உன் பேருதான். தெரிஞ்சுதானே காலையில கழட்டினே?"

மச்சான் தலை தொங்கியது. "சூடாகுதுன்னு அவன் முந்தாநாளே சொன்னான். பலகை காத்தை மறைக்குதுன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சுது. கழட்டினா கேவலமா இருக்கும்னு..."

முதலாளி அவசரமாகக் குறுக்கிட்டார். "சரி சரி, வீட்டு விஷயம். நான் பேசிக்கிறேன். நீ நாளைக்கு வேலைக்கு வாப்பா. கியர் வண்டியே எடுத்துடலாம்."

டிரைவர் அசையவில்லை. "வண்டி அப்புறம் முதலாளி. திருடன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லன்னும் அவங்க முன்னாடியே சொல்லுங்க."

12.05. அக்கா எல்லோரையும் முற்றத்துக்கு வரவழைத்தாள். முதலாளி தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றாள் அக்கா. "திருடன்னு சொன்னது ரோடு வரைக்கும் கேட்டுச்சு."