நாற்பத்து மூன்றாவது கம்பளி

"மை பூசி மறைச்சிட்டா, அது எங்கக்கா போகும்?"

செபமாலை இப்படிக் கேட்டபோது கத்தரீனாள் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுத் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "எங்கயும் போகாது. மைக்கு அடியில அப்படியேதான் இருக்கும்" என்றாள்.

"அப்ப அதுக்கு மூச்சு முட்டாதா?"

கருகின வாடை வந்தது. கிழங்கு அடிப்பிடித்துவிட்டதோ என்று கத்தரீனாள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பானையின் விளிம்பைப் பற்றியிருந்த அவளுடைய விரல்களிலிருந்துதான் அந்த வாடை வந்தது. இரண்டு விரல்களின் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை.

அது ஆனி மாதம். ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருடம். ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் மழை பிடித்து மூன்று வாரமாகியிருந்தது. கூலியாட்கள் குடியிருந்த லயத்தின் தகரக் கூரையில் அது ஓயாமல் கொட்டுகிற சத்தம் பழகிப்போய், மழை விட்டால்தான் காது அதிர்ந்தது. போன வருடக் காய்ச்சலில் அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் போனார்கள். கத்தரீனாள் அழவில்லை. அழுகை எங்கோ வழியில் நின்றுவிட்டது போல, அது வரும் வரும் என்று கொஞ்ச நாள் பார்த்திருந்து, பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

வேலை செய்கிறவர்களுக்குத்தான் லயத்தில் அறை. சரிவில் கூடையோடு நின்றால் தலை சுற்றி விழுகிற அவளுக்குக் கொழுந்து எடுக்க முடியவில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லி, பங்களா பட்லர் சூசையப்பன்தான் அவளைத் துரையிடம் சேர்த்துவிட்டார். கங்காணி ராக்கப்பன் அன்றைக்கே சொல்லி வைத்தான்.

"பங்களா வேலையும் போச்சுன்னா அறையைக் காலி பண்ணிரணும், பாத்துக்க. சின்னவளைப் போடிக்கு அனுப்பிரலாம். உங்க பெரியம்மா ஏலக்காய் பொறுக்க ஆளு கேட்டுக்கிட்டே இருக்கா."

போடிமெட்டு இறங்கிப் போன பிள்ளைகள் திரும்பி ஏறி வந்து கத்தரீனாள் பார்த்ததில்லை. செபமாலை தன்னோடு இந்த அறையில் இருக்க வேண்டும். அவள் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பங்களாவில் அவள் வேலை செய்தது பெரிய துரைக்கு இல்லை, அவருடைய தம்பிக்கு. ஆட்கள் அவரைப் படத்துரை என்றார்கள். உலகத்தின் தென்கோடியில், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் இரண்டு வருடம் இருந்து, அங்குள்ள பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவர். இரண்டு காலிலும் விரல்கள் கிடையாது. வராந்தாவில் அவர் நடந்தால், கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டது போலக் குட்டைக் குட்டை அடியாகக் கேட்கும். வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் நாற்பது கண்ணாடித் தகடுகள் கொண்டுவந்திருந்தார். சீமைக்குப் போய்ச் சபையைக் கூட்டி அவற்றைக் காட்டப் போகிறாராம்.

பட்லர் முதல் படத்தைக் கையில் கொடுத்தபோது, "எந்த எஸ்டேட்டு ஆளுக மாமா இது?" என்று கேட்டாள் கத்தரீனாள்.

சூசையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மண்டு! பறவை புள்ள இது. பெங்குவின்னு பேரு. பறக்காது, நடக்கும். மீனுதான் சாப்பாடாம்."

அவளுக்கு அப்படித் தெரியவில்லை. கறுப்புக் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, கையை உள்ளே வைத்துக்கொண்டு, மூடுபனியில் வரிசை வரிசையாக நிற்கும் ஆட்கள். காலையில் கங்காணி ஆள் எண்ணுகிற பிரட்டுக்களம்தான் அது. எல்லாரும் காற்றுக்கு முதுகு கொடுத்து ஒரே திசையில் திரும்பி நின்றார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், கடுகு அளவில், ஒன்று மட்டும் இந்தப் பக்கம் பார்த்து நின்றது. அதன் இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது.

படத்துரை அந்தக் கடுகின் மேல் விரலை வைத்தார். வைத்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மட்டும் மறைச்சிரணுமாம்" என்றார் பட்லர். "எல்லாத் தகட்டுலயும் அது இருக்காம்."

வேலை கடினமானதில்லை. தகட்டில் எல்லாம் மாறியிருக்கும். பனி கறுத்திருக்கும், பறவையின் கறுப்பு வெறும் கண்ணாடியாகத் தெரியும். அந்த வெறும் இடத்தில் மை பூசிவிட்டால் காகிதத்தில் அது வெள்ளையாக விழும். பறவை போய்விடும், பனி இருக்கும். மெல்லிய தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூச வேண்டும். பிறகு படம் விழுந்த காகிதங்களை ஓடைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும். மலையிலிருந்து குழாயில் வரும் அந்தத் தண்ணீர் முதல் நாள் எலும்பு வரைக்கும் வலித்தது. இரண்டாவது வாரம் வலி குறைந்தது. அது பழக்கம் என்று நினைத்தாள்.

அந்த இரண்டாவது வாரத்தில்தான் கங்காணியின் எண்ணிக்கை பிசகத் தொடங்கியது.

பங்களாவுக்குப் போகும் பாதை பிரட்டுக்களத்தை ஒட்டி வளைந்தது. மூடுபனியில் பெண்கள் கம்பளிக்குள் நின்றார்கள். ராக்கப்பன் கம்பை நீட்டி நீட்டி எண்ணினான். "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு, நாப்பத்திமூணு... ஏய், யாருடி அது புதுசா?"

"கங்காணியாருக்கு விடியக்காலமே கள்ளு ஏறிப்போச்சு" என்றாள் வரிசையில் நின்ற மாரித்தாய்.

"உங்க பொண்டாட்டியையும் சேத்து எண்ணிட்டீகளோ என்னமோ!" என்றாள் இன்னொருத்தி.

"வாயை மூடுங்கடி. பேரைக் கூப்பிடுறேன், குரல் கொடுங்க."

பேர் சொல்லிக் கூப்பிட்டபோது நாற்பத்திரண்டு குரல்தான் வந்தது. மறுபடி கம்பை நீட்டினான். நாற்பத்து மூன்று. அவன் காறித் துப்பிவிட்டுக் களத்தைக் கலைத்தான். கம்பளிகள் சரிவில் ஏறின. கடைசியாகப் போனது குட்டைக் குட்டை அடியாக வைத்தது. ஈரத் தரையில் தட்டையான பாதம் படுகிற சத்தம். தப். தப். படத்துரைதான் காலையில் உலாவ வந்திருக்கிறார் என்று கத்தரீனாள் நினைத்தாள். பங்களாவுக்குப் போனபோது துரை வராந்தாவில் சாய்வு நாற்காலியில், காலில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தார். காலணிகள் உலர்ந்து கிடந்தன.

தகடுகளுக்கு வரிசை எண் இருந்தது. பத்தாவது தகட்டில் அந்தத் தோள் சரிந்த பறவை கடைசி வரிசைக்குள் வந்திருந்தது. பதினெட்டாவதில் நடு வரிசையில் நின்றது. மற்றவை இடம் மாறி மாறி நின்றன, சில படுத்துக் கிடந்தன, சில வாயைத் திறந்திருந்தன. அது மட்டும் எந்தப் படத்திலும் வேறொன்றும் செய்யவில்லை. இடது தோளைச் சரித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றது. ஒவ்வொன்றாக அவள் மை பூசி மறைத்தாள்.

களத்தில் ஒரு நாள் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். "எவடி கருவாட்டை மடியில கட்டிட்டு வந்தவ?" கருவாடும், நாள்பட்ட கோழிக்கூடும் சேர்ந்த வாடை. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாரித்தாய் பக்கத்திலிருந்த கம்பளியை முழங்கையால் இடித்து, "நீதானடி?" என்று சிரித்தாள். சிரித்தபடியே முழங்கையைத் தடவிக்கொண்டாள். பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் அவள் வரிசையின் அடுத்த கோடிக்குப் போய் நின்றாள். இன்னொரு வாரத்தில் களத்தில் யாரும் கேலி பேசவில்லை. ராக்கப்பன் கம்பை நீட்டுவதை விட்டுவிட்டுப் பேரை மட்டும் கூப்பிட்டான். பேர் முடிந்ததும், திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கத்தரீனாளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். பயத்தைத் தேடிப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒன்றும் இல்லை. தூரிகை பட்ட உதடும் அப்படித்தான். கஞ்சி சூடா ஆறியதா என்று தொண்டையில்தான் தெரிந்தது.

"உன் கை செத்த மீன் மாதிரி இருக்குக்கா" என்று செபமாலை சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். தேய்ப்பதைக் கத்தரீனாள் பார்த்தாள். தேய்ப்பது தெரியவில்லை.

பட்லரிடம் அதைச் சொன்னாள். அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தொரையும் இதைத்தான் சொல்லுவாக. அங்க குளிருன்னா வலிக்கிற வரைக்கும் நல்லதாம். வலி நின்னுச்சுன்னாதான் குளிரு உள்ள வந்துருச்சாம்."

"அந்தப் பறவையை ஏன் மறைக்கச் சொல்றாக மாமா?"

"தெரியாது."

"பறவைதானே அது?"

சூசையப்பன் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "கேக்காத புள்ள. இன்னும் ஒரு தகடு. முடிச்சுட்டுப் போ. நாளைக்கு அவுக கொச்சிக்குப் போறாக, கப்பலுக்கு."

நாற்பதாவது தகடு.

கத்தரீனாள் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வரிசைகள் இல்லை. மற்றப் பறவைகள் இல்லை. அது மட்டும் தகடு நிறைய நின்றது. வெளியே பட்டப்பகல், ஆனால் ஜன்னல் முழுக்க மூடுபனி. அந்த வெள்ளைதான் கண்ணாடிக்குள் ஊடுருவி வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தை அவள் பார்க்கவில்லை. அதன் கால் பக்கம் பார்த்தாள். அங்கே சின்னதாக இன்னொன்று நின்றது. குஞ்சு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல.

"சின்னதை விட்டுரலாமா மாமா?"

பட்லர் உள்ளே போனார். குட்டை அடிகள் கதவு வரைக்கும் வந்தன, நின்றன. பட்லர் மட்டும் திரும்பி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டையும் மறைக்கணுமாம். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்றாக. அப்புறம் கங்காணி என்ன செய்வான்னு உனக்கே தெரியும்."

தெரியும். காலியான அறை. போடிமெட்டில் இறங்கும் பாதை. அதில் ஒரு சின்ன முதுகு.

தூரிகையை உதட்டில் வைத்தாள். மையில் தொட்டாள். பெரியதை முதலில் மறைத்தாள். பிறகு சின்னதை. கை நடுங்கவே இல்லை.

லயத்துக்கு ஓடினாள். செபமாலை வாசற்படியில், சாரலில், மேலுக்கு ஒன்றும் போர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாடி, குளிருது!"

"எனக்குக் குளிரலையே." சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். "கிள்ளிப் பாரேன். வலிக்கவே மாட்டேங்குது."

விடிகிற வரைக்கும் கத்தரீனாள் தூங்கவில்லை. அறை வேண்டாம். எஸ்டேட் வேண்டாம். அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சாமியார் வண்டிப்பெரியாற்றில் இருக்கிறார். அவர் காலில் விழலாம். தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டி காலையில் பாக்டரியிலிருந்து கீழே புறப்படும். பாக்டரிக்குப் பிரட்டுக்களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்பனுடைய பழைய கம்பளியைச் செபமாலைக்குப் போர்த்திவிட்டாள். அது தரையில் புரண்டது. மூட்டையை ஒரு கையில் எடுத்தாள். தங்கையின் கையை மறுகையில் பிடித்தாள். பிடித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்தாள். பிடித்திருந்தாள். விரலோடு விரல் கோத்து இறுக்கினாள்.

மழை இல்லை. காற்று இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. கைக்கெட்டிய தூரத்தில் தேயிலைச் செடி தெரியவில்லை. கருவாட்டு வாடை வந்ததால் களம் வந்துவிட்டதென்று தெரிந்தது.

வரிசை நின்றது. எல்லாம் முதுகு. ராக்கப்பன் பேர்களைச் சொல்லி முடித்துவிட்டான். அதற்கு மேல் எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் அவன் வாய் எண்ணியது. முணுமுணுப்பாக.

"நாப்பத்திரண்டு."

கத்தரீனாள் நடையை எட்டிப் போட்டாள்.

"நாப்பத்திமூணு."

பாக்டரிப் பக்கம் மாட்டுமணி கேட்டது. பத்தடி நடந்தாள். இருபதடி. கையை இறுக்கினாள்.

"நாப்பத்திநாலு" என்றான் ராக்கப்பன். அழுகிற குரல்.

அவள் நின்றாள். குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

விரல்கள் மடங்கியிருந்தன. ஒரு சின்னக் கை இருக்கிற அளவுக்கு இடம் விட்டு, இறுக்கமாக மடங்கியிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

எப்போதிலிருந்து? களத்திலிருந்தா. வாசற்படியிலிருந்தா.

வரிசை அசைந்தது. முதுகுகள் சரிவில் ஏறின. கடைசியில் இடது தோள் சரிந்த ஒன்று. அதன் பக்கத்தில், தரையில் புரளும் கம்பளிக்குள், சின்னதாக ஒன்று. கைகள் உள்ளே இருந்தன. குட்டை அடிகள். தப். தப்.

"செபமா!" என்று கூப்பிட்டாள். உதடு அசைந்ததா என்று உதட்டுக்குத் தெரியவில்லை. காதில் மாட்டுமணி மட்டும் கேட்டது.

சின்னது நின்றது. திரும்பியது. கம்பளிக்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த வெள்ளையில் அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், பூசின மை இன்னும் காயாமல் பளபளத்தது.

பிறகு அது முதுகைத் திருப்பிக்கொண்டு மற்றதன் பின்னாலேயே ஏறிப் போனது.