பதினோராவது கேள்வி

அறிவியல் டீச்சர் தட்டச்சு செய்தது பத்தே கேள்விகள். கோப்பின் அடியில் இருந்த மதிப்பெண் பெட்டியோ 0/11 என்று காட்டியது. "கூட்டல்கூடத் தெரியாத கம்ப்யூட்டர்" என்று திட்டிக்கொண்டே சோதித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

மாலை நாலரை. பள்ளியில் ஈ காக்கை இல்லை. சுற்றுக்கு ஒருமுறை முனகும் மின்விசிறியும், துடைத்துவிட்டுப் போன தரையின் பினாயில் நெடியும், மேசைமேல் நீண்டு அவள் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஜன்னல் கம்பிகளின் நிழலும்தான் ஆசிரியர் அறையில் துணை. வீட்டில் எட்டு வயது மகள் காய்ச்சலோடு கிடந்தாள். நாளைய தேர்வுக்கான கேள்வித்தாளை முடித்த கையோடு ஓட வேண்டும்.

விடையைச் சொடுக்கினால் பக்கத்திலேயே சரி, தவறு என்று வரும். மதிப்பெண்ணும் தானே கூடும். சொடுக்கியதை மாற்ற முடியாது. ஒவ்வொன்றாக அழுத்தி விடையைக் கண்டுபிடிக்கும் கில்லாடிகளுக்காக அவளே போட்ட பூட்டு அது. சரியான விடைகளை முதலில் 'இ'யிலேயே வைத்து, சோதித்த பிறகுதான் கலைத்துப் போடுவாள். அதனால் படிக்காமலே இ, இ, இ என்று கை ஓடியது. சரி. சரி. பதினொன்றும் சரி.

அப்புறம்தான் படித்தாள்.

11. உங்கள் மகள் இப்போது எங்கே?
அ) கட்டிலில்
ஆ) கூடத்தில்
இ) கட்டிலுக்கு அடியில்

'அ'வைச் சொடுக்கினாள். மாறவில்லை. மறுபடியும் சொடுக்கினாள். மாறவில்லை. கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, பாப்பா எங்க?"

"இப்பதானே மாத்திரை குடுத்து கட்டில்ல படுக்க வெச்சேன்."

"போய்ப் பாருங்க. சீக்கிரம்."

செருப்புச் சத்தம். கதவு.

"காணோமே... அட, கட்டிலுக்கு அடியில படுத்திருக்கா. வெளிய வாடா கண்ணு."

டீச்சருக்குப் பாதி மூச்சு வந்தது.

"ஏய்..." கணவன் கிசுகிசுத்தான். "ரெண்டு பேர் இருக்காங்க."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டும் பாப்பாதான். அதே சட்டை. அதே முகம்."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

12. இருவரில் உங்கள் மகள் யார்?
அ) இடப்பக்கம் இருப்பவள்
ஆ) வலப்பக்கம் இருப்பவள்
இ) இருவரும் இல்லை

மீதம் 20 விநாடிகள்.

அவள் நேரக்கெடு எதுவும் வைத்திருக்கவில்லை. 19. கம்ப்யூட்டரின் மின்வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. 16. 15.

போனில் இரண்டு குரல்கள். ஒரே நேரத்தில். இரண்டிலும் அதே அழுகை.

"அம்மா, நான்தானே? சொல்லும்மா."