தெருமுனை வரை ஓடும் கார்

கார் இப்போது பேக்கரியைத் தாண்டியிருக்கும். இப்போது பள்ளிக்கூடத்தின் நீளமான சுவர். இப்போது திருப்பம். கணவராக இருந்தால் அங்கே கியரைக் குறைப்பார். இந்தக் கொழுந்தன் குறைக்கமாட்டான். இப்போது...

எஞ்சின் சத்தம் நின்றது.

அவள் ஜன்னலை விட்டு நகராமல் காப்பியை ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

சற்று நேரத்தில் அந்தப் பழைய பச்சைக் கார் யாரும் தள்ளாமலே ஓடி வந்து போர்ட்டிகோவில் நின்றது. கொழுந்தன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான்.

"மூணாவது தடவை அண்ணி. தெருமுனைல போய்ச் செத்துச்சு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பி வருது. மத்தியானம் வாங்குறவர் வர்றார். நான் அவர்கிட்ட என்ன சொல்றது?"

பின்சீட்டிலிருந்து மெக்கானிக் இறங்கினார். முகம் சுண்டியிருந்தது.

"கார்புரேட்டரைக் கழுவியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு. பம்பைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டியாச்சு. இனிமே எதைப் பார்க்கிறதுன்னு தெரியலக்கா."

"பார்க்கவே வேணாம். நல்ல பம்பை வித்துட்டு ஓட்டைப் பம்பை மாட்டியிருக்கே" என்றான் கொழுந்தன். "அழுக்கா இருந்தது இப்ப பளபளன்னு இருக்கு. எனக்குக் கண்ணு தெரியும். போலீஸ்ல எழுதிக் குடுத்தா, அப்புறம் பழைய கார் வச்சிருக்கிறவன் எவனும் உன் ஒர்க்ஷாப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டான்."

"கழுவினா பளபளன்னுதாங்க இருக்கும். உங்க அண்ணன் வேற யாரையும் இந்த வண்டில கை வைக்க விட்டதில்ல. நானா திருடுவேன்?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள் அவள். காரை விற்றுவிடலாம் என்று கொழுந்தன் சொன்னபோதும் தலையாட்டியவள்தான். கணவர் இறந்த வருடத்திலிருந்து அவள் அதிகம் செய்தது அதைத்தான்.

வாங்குபவர் அனுப்பிய ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட டார்ச். வண்டித் தொழிலில் அவரை டார்ச்சம்மா என்றுதான் சொல்வார்கள். சண்டை முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"கீழ படுக்க ஏதாவது விரிக்கக் கிடைக்குமாம்மா?"

அவள் ஒரு பாயை எடுத்து வந்து பின்சக்கரத்தின் அருகில் விரித்தாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவள்போல், அதை முன்பக்கம் எஞ்சினுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். டார்ச்சம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

கீழிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்க குனிஞ்சு பாருங்க சார். எஞ்சினோட ஒட்டி இருக்கே, இதான் பெட்ரோல் பம்ப். எஞ்சினுக்குப் பச்சை அடிச்சப்ப ஒரு சொட்டு வழிஞ்சு, பாதி எஞ்சின் மேல, பாதி பம்ப் மேல காய்ஞ்சிருக்கு. கழட்டினதுல கோடு மாதிரி வெட்டுப்பட்டிருக்கு. ஆனா ரெண்டு பாதியும் பொருந்துது. வேற பம்பா இருந்தா பொருந்துமா?"

கொழுந்தன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். மெக்கானிக் மூச்சை விட்டார்.

"அப்ப வண்டி ஏன் நிக்குது மேடம்?" என்று கேட்டார்.

டார்ச்சம்மா வெளியே வந்து உட்கார்ந்தார். "நின்னதும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மூடிட்டு சாரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஓடுச்சு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"எங்க தொழில்ல அதான் முதல் வேலைங்க" என்றார் மெக்கானிக். "பெட்ரோல் இல்லாத வண்டியோட எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு அசிங்கப்பட்டவன் நான். அன்னிலேர்ந்து மூடியைத் திறக்காம எதையும் தொடமாட்டேன்."

டார்ச்சம்மா சிரித்தார். கை கழுவ உள்ளே போனார். ஜன்னல் விளிம்பில் ஓர் ஆணின் மூக்குக்கண்ணாடி, பாதி நிறைந்த மசிப்புட்டி, பக்கத்தில் பேனாவுக்கு மை ஊற்றும் இங்க் ஃபில்லரின் கண்ணாடிக் குழாய். எதிலும் தூசி இல்லை. குழாயின் தலையில் ரப்பரும் இல்லை. அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க, ஒரு சுத்து போகலாம். இந்தத் தடவை மூடியை யாரும் தொடக் கூடாது."

அவள் மறுபடி ஜன்னலில் நின்றாள். பேக்கரி. சுவர். திருப்பம். சத்தம் நின்றது. இந்த முறை அது மறுபடி கிளம்ப அதிக நேரம் பிடித்தது. அவள் கண்ணாடிக் குழாயை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், கைக்குள் மூடிக்கொண்டாள்.

கார் திரும்பியது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் டார்ச்சம்மா. "டேங்க்லேர்ந்து பெட்ரோல் வெளிய போகணும்னா அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். அதுக்குன்னு டேங்க் மேலேர்ந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, பின்சக்கரத்துக்குப் பக்கத்துல கீழ திறந்திருக்கும். அதை யாரோ அடைச்சிருக்காங்க. டேங்க் நிறைய இருக்கிறதால உள்ள காத்து கொஞ்சம்தான். சீக்கிரமே மூச்சு முட்டி வண்டி நிக்குது. மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு காத்து போகுது, மறுபடி உயிர் வருது. கோளாறு என்னன்னு பார்க்கப் போய் நீங்களே அதைச் சரி பண்ணிட்டீங்க. தடவைக்குத் தடவை."

உள்ளங்கையை விரித்தார். கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் குமிழ்.

"நின்ன உடனே கீழ பார்த்தேன். இது சப்பிப்போய்க் குழாயைக் கவ்விக்கிட்டு இருந்துச்சு. கெடுக்க நினைக்கிறவன் குழாயை அறுப்பான், டேங்க்ல மண்ணைக் கொட்டுவான். இதைச் செஞ்சவங்க ஒரு கீறல்கூட விழ விடல. வண்டி கெட்டுப்போகக் கூடாது, தூரமாப் போகவும் கூடாது. அந்த ஆள் பாயை விரிச்சாலே கை பின்சக்கரத்துக்குத்தான் போகுது."

அவர் அவளைப் பார்த்தார். "இங்க் ஃபில்லரோட ரப்பர்தானேம்மா இது?"

அவள் கையைத் திறந்தாள். கண்ணாடிக் குழாய் உள்ளங்கையில் ஒரு கோடு பதித்திருந்தது.

"அண்ணி, நீங்களா?" என்றான் கொழுந்தன்.

அவள் முதலில் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "உங்க மேல பழி விழும்னு நான் நினைக்கலண்ணா. விழுந்த பிறகும் பேசாம நின்னேன் பாருங்க, அதுதான் தப்பு. மன்னிச்சிருங்க."

"விடுங்கக்கா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அவர் வீட்டுக்குள்ள பேசவே மாட்டார் தம்பி. உனக்குத் தெரியும். வண்டிக்குக் கீழ படுத்தா மட்டும் பேசுவார். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கக் கூப்பிடுவார், நானும் பக்கத்துல படுத்துக்குவேன். இது என்ன, அது எதுக்குன்னு ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டுவார். நடுவுல என்னைப் பத்தியும் ஏதாவது சொல்லுவார், மேல பார்த்துக்கிட்டே. மூஞ்சியப் பார்த்தா அவருக்கு வராது. இப்பவும் போய்ப் படுத்துக்குவேன். ஆயில் வாசனை அப்படியே இருக்கு."

காரின் சூடான உலோகம் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குப் புரியுது அண்ணி" என்றான் கொழுந்தன் கடைசியில். நிஜமாகவே மெதுவாகத்தான் சொன்னான். "ஆனா வாக்குக் குடுத்தாச்சு. நீங்களும்தான் சரின்னீங்க. இதை வச்சுக்கிட்டு எத்தனை நாள் கீழ படுத்துக் கிடப்பீங்க? அடைப்பையும் எடுத்தாச்சு, இனிமே எங்க வேணா ஓடும். வண்டியோட ஆர்.சி. புக்கையும் இன்னொரு சாவியையும் குடுங்க."

கை நீட்டினான். டார்ச்சம்மா ரப்பர் குமிழை அவளிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை அணைத்தார்.

அவள் குமிழைக் கண்ணாடிக் குழாயின் தலையில் பொருத்தினாள். சற்றுத் தளர்ந்திருந்தாலும் நின்றது. இத்தனை நாளும் தனக்காக மறுப்பு சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் என்று நினைத்தாள். இனி அதற்கு வேலை இல்லை.

"இல்ல தம்பி" என்றாள். "தரமாட்டேன்."