நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு

ஒரு வண்டியில் ஒரே மாதத்தில் மூன்று தடவை பேட்டரி செத்தால் குற்றம் பேட்டரியில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. நாற்பது வருசமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். படிப்பு நாலாவது வரைதான். ஆனாலும் பொய் சொல்லும் வயரும் பொய் சொல்லும் ஆளும் என்னிடம் தப்பியதில்லை.

லீமாவின் வண்டி ஸ்கூட்டர்தான். கால் ஊனமானவர்கள் ஓட்டுவதற்காகப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டியது. கொடைக்கானல் ரோட்டில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் குடியிருந்து அதைக் காவல் பார்க்கிறாள். சாயங்காலம் மலையிறங்கி வில்பட்டிப் பக்கம் முதியோர் இல்லத்தில் சமையல். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வருவாள். இந்த மலையில் எல்லாரும் செய்கிற தப்புதான். மொட்டைப்பாறை வளைவு தாண்டி என் கடை வாசலில் ரோடு சமமாகும். அங்கே மறுபடி கிளப்ப வேண்டும். உதைத்துக் கிளப்ப அவளுக்குக் கால் கிடையாது, பட்டன்தான். முதல் இரண்டு தடவையும் பட்டன் வேலை செய்யாமல் வண்டி என் வாசலிலேயே நின்றது.

அதுவே எனக்குச் சந்தேகம். வேறு எங்கேயும் நிற்காதா ஒரு வண்டி? இரண்டு தடவையும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன், எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. பிறகு காய்ச்சலில் படுத்து மூன்று நாள் கடை திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அது பங்களாவிலேயே செத்துவிட்டது என்று போன் செய்தாள்.

கடையிலிருந்து சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். மத்தியானம் இரண்டரை மணிதான். ஆனாலும் மஞ்சு இறங்கி மரங்களின் பாதியைத் தின்றிருந்தது.

"வாங்கண்ணே. காய்ச்சல் தேவலையா?" என்றாள்.

"அத விடு. ராத்திரி பேட்டரியிலருந்து பல்பு எரிக்கிறியா? உண்மையச் சொல்லு."

"பங்களா பூரா லைட்டப் போட்டு உக்காந்தாலும் கேக்க ஆளில்ல. நான் பேட்டரியில எரிக்கப்போறேன் பாருங்க."

"செல்லுக்கு சார்ஜ் போடுவ."

"ஒங்க கண்ணுக்கு ஊரே களவாணி" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நாலு மணிக்கு நான் அடுப்பு பத்த வைக்கணும்ணே. நேத்தே போகல. இன்னைக்கும் வரலன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்னு இல்லத்து சிஸ்டர் சொல்லிட்டாங்க. பஸ்ஸு அஞ்சரைக்குத்தான். இந்தச் சோலியும் போச்சுன்னா நான் என்ன செய்ய?"

வண்டி கார் ஷெட்டுக்குள் நின்றது. ஈரச் சுவர், எலிப்புழுக்கை, பழைய எண்ணெய் எல்லாம் சேர்ந்த வாடை. அதற்கு அடியில் வேறொரு வாசனை. புதிதாகச் சுட்ட ரொட்டி.

"ரொட்டி சுட்டியா?"

"இங்க ஏதுண்ணே ரொட்டி அடுப்பு?"

பதில் பிடிக்கவில்லை. வேலையைத் தொடங்கினேன்.

என் பேட்டரியை மாட்டி நானே உதைத்துக் கிளப்பினேன். என்னிடம் இருப்பது முள் மீட்டர். எண் காட்டும் மீட்டரை நான் நம்புவதில்லை. இன்ஜினை முறுக்கியதும் முள் பதினாலு வோல்ட்டுக்கு ஏறி நின்றது. நல்ல சார்ஜ். அப்படியென்றால் ஏறுவதில் கோளாறு இல்லை, எங்கேயோ இறங்குகிறது. சாவியை எடுத்தேன். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தேன். வண்டி தூங்கும்போது ஏதாவது கரண்ட் குடித்தால் முள் காட்டிக்கொடுக்கும்.

முள் அசையவில்லை.

லீமா வாசலில் அக்குள் கட்டையை ஊன்றி நின்றிருந்தாள். மஞ்சு அவள் முதுகு வரை வந்திருந்தது. ஓட்டிலிருந்து சொட்டு விழும் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

அப்போது முள் எழுந்தது.

மூன்று ஆம்பியர் தொட்டு, கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. மறுபடி சட்டென்று ஒரு துடிப்பு. இன்னொன்று.

"எதத் தொட்ட?"

"நான் இங்கதான நிக்கேன்."

மூன்று ஆம்பியர் என்றால் ஹாரன் குடிப்பது. ஆனால் ஹாரன் கத்தவில்லை. அதன் வயரைப் பிடுங்கினேன். இரண்டு நிமிடம் போனது. முள் எழுந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். இனி கரண்ட் போக வழியே இல்லை. மடையை அடைத்தாயிற்று.

முள் எழுந்தது.

நீளமாக ஒன்று.

குட்டையாக இரண்டு.

லீமாவின் செல்லில் மணி பார்த்தேன். மூன்று பத்து.

மொட்டைப்பாறை வளைவில் வருசம் பூராவும் மஞ்சு. எதிரே வருவது தெரியாது. அதனால் தினமும் போய்வருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஹாரன் அடிப்பு வைத்திருப்பார்கள். பால் ஜீப்புக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. கடையில் உட்கார்ந்தபடியே யார் இறங்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் ரொட்டி விற்கும் சிலுவைராஜ், அவனுக்கும் கால் ஊனம். மணி மூன்று பத்து. கடிகாரம் தேவையில்லை.

சிலுவைராஜ் செத்து ஏழு மாதம் ஆகிறது.

"இந்த வண்டிய யார்ட்ட வாங்குன?"

"அமல்னு ஒருத்தர்ட்ட. அவரு அண்ணன் வண்டியாம். புதுசா பெயின்ட் அடிச்சுக் குடுத்தாரு."

"அண்ணன் என்ன ஆனான்னு கேக்கலியா?"

"வெளியூரு போயிட்டாருன்னாரு" என்றாள். என்னையே பார்த்தாள். "என்ன, இந்த வண்டி ஆகாதுன்னு சொல்லி அடிமாட்டு வெலைக்கு நீங்க வாங்கப்போறீகளா?"

 முன்பே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். பக்கத்து மூடியின் மூன்று திருகாணிகளைக் கழற்றினேன். இன்ஜினிலிருந்து சார்ஜ் கொண்டுவரும் மூன்று மஞ்சள் வயரும் ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் வந்து சேரும்.

கப்ளர் கருகியிருந்தது. மூன்று வயரும் உருகி, முனைக்கு முனை விரல்கடை இடைவெளி. இன்றைக்கு உருகியது இல்லை. உருகிய இடத்தில் பச்சைக் களிம்பு ஏறி, சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அப்படியானால் சற்று முன் பதினாலு வோல்ட்டை ஏற்றியது யார்?



"சொல்லுங்கண்ணே" என்று மெதுவாகக் கேட்டாள் லீமா.

சொன்னேன். சாவதற்கு முந்தின நாள் சிலுவைராஜ் இதே வண்டியை என் வாசலில் நிறுத்தினான். சார்ஜ் ஏறலண்ணே, கொஞ்சம் பாருங்க என்றான். எனக்கு அவன்மேல் சந்தேகம். வீட்டில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேட்டரியில் பல்பு எரிக்கிறான், பழியை வண்டிமேல் போடுகிறான் என்று நினைத்தேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. போடா, ராத்திரி இருட்டுல உக்காரு, தானா சரியாகும் என்று விரட்டினேன். மறுநாள் அவன் இன்ஜினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வளைவுக்கு வந்தான். பேட்டரியில் உயிர் இல்லை. ஹாரன் பட்டனை அழுத்தியிருப்பான். எதிரே ஏறி வந்து மோதிய லாரிக்காரன் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று போலீஸில் சொன்னான்.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கவில்லை.

லீமா குனிந்து தரையில் கிடந்த திருகாணிகளைப் பார்த்தாள்.

"மூணு ஆணி" என்றாள். "மூணே மூணு ஆணி கழட்டிப் பாக்கிற வேலை."

"ஆமா."

"என்னையும் பல்பு எரிக்கிறியான்னுதான் கேட்டீக."

அதற்கும் ஆமாம்தான்.

கருகிய வயரை நறுக்கி, நல்ல இடத்தில் தோலுரித்து, புதுக் கப்ளர் போட்டேன்.  ஃபியூஸ் போட்டு, ஹாரன் வயரை மாட்டி, மறுபடி மீட்டர் வைத்தேன். முள் செத்தது போல் கிடந்தது. பத்து நிமிடம் பார்த்தேன். எழவில்லை. ரொட்டி வாசனையும் போயிருந்தது.

"இறக்கத்துல இன்ஜின அமத்தாத. பெட்ரோல் போனாப் போகுது."

"அமத்தல. ஏறிக்கோங்க, ஒங்கள கடையில எறக்கி விட்டுட்டு வெரசாப் போயிருவேன்."

"நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்."

மூன்றரைக்கு அவள் கிளம்பினாள். இன்ஜின் சத்தம் மஞ்சுக்குள் தேய்ந்து இறங்கியது. கருகிய கப்ளரைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வளைவுக்கு அவள் போனதும் ஹாரன் கேட்டது. ஒரே அடி. வண்டி தாண்டியது. நான் மூச்சு விட்டேன்.

நான் வளைவுக்கு வந்தபோது பாறை தெரியவில்லை, என் காலே தெரியவில்லை.

பின்னால் ஈர ரோட்டில் டயர் உருளும் சத்தம்.

இன்ஜின் சத்தம் இல்லை. வெறும் டயர்தான். ஒரு சக்கரம் இரண்டு சக்கரம் இல்லை, பக்கச் சக்கரங்களும் சேர்ந்த சத்தம்.

ஓரமாக ஒதுங்கினேன். சத்தமும் ஒதுங்கியது. நின்றேன். நின்றது.

"அண்ணே."

பிடரிக்குப் பக்கத்தில் புது ரொட்டி வாசனை.

"சார்ஜ் ஏறலண்ணே. கொஞ்சம் பாருங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபது வயசுக் கிழவன் எப்படி ஓடினான் என்று கேட்காதீர்கள். கடைக்குள் விழுந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். நாலு மணிக்கு லீமா போன் செய்தாள்.

"நேரத்துக்கு வந்துட்டேண்ணே. வண்டி பிரமாதம். பட்டனத் தொட்டதும் புடிக்கிது." பிறகு தயங்கினாள். "வளைவுல எனக்குப் பின்னாடி வந்தது யாருண்ணே? நான் ஹாரன் அடிச்சப்ப அவரும் அடிச்சாரு."

எனக்கு ஒரு அடிதான் கேட்டது என்று நான் சொல்லவில்லை.

லீமாவின் வண்டி அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. அவளுடைய சோலியும் போகவில்லை. மூன்று பத்துக்கு முன்பே நான் ஷட்டரை இறக்கிவிடுவேன். தினமும் டயர் சத்தம் வந்து வாசலில் நிற்கும். அதே கேள்வி. நான் வாய் திறப்பதில்லை.

நேற்று மட்டும் திறந்தேன். எத்தனை நாளைக்கு ஒளிவது? கருகிய கப்ளரை மேசையில் எடுத்து வைத்தேன். "உள்ள வாடா, பாத்துத் தாறேன்" என்றேன்.

 வெகுநேரம் கழித்து ஷட்டரை ஏற்றினேன். ரோட்டில் யாருமில்லை. வாசல் செம்மண்ணில் மூன்று தடம். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. கடையைப் பார்த்து வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

உள்ளே திரும்பினேன்.

பூட்டிக் கிடந்த ஷட்டருக்கு உள்பக்கம், சிமெண்டுத் தரையில், அதே மூன்று தடம் ஈரமாக நீண்டு, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் வரை வந்திருந்தது. மேசையில் எதிலும் மாட்டாத மீட்டரின் முள் மூன்றைத் தொட்டு நின்றது.